நான்காம் அறைக்குப் போன மெயில்

தவறிப் போய்விடாமலிருக்க முகவரியைக் கடைசியில் போட வேண்டும் என்பது மெயில் எழுதுகிற யாருக்கும் தெரிந்த சங்கதி. மெயிலக்காவிடம் மட்டும் எல்லாம் தலைகீழ். யாருக்குப் போகப்போகிறது என்பது முதலிலேயே கண்ணில் பட்டால்தான் அவளுக்கு எழுத வரும். "இந்தப் பழக்கம் ஒருநாள் உன்னைக் கவுத்துடும்மா" என்று ஹெல்மெட் சார் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துவிட்டார். அவள் கேட்டால்தானே!

ஹெல்மெட் சார் அந்த உறைகிடங்கின் பாதுகாப்பு அதிகாரி. சாப்பிடும்போதுகூடத் தலையிலிருந்து ஹெல்மெட்டைக் கழற்ற மாட்டார், அதனால் அந்தப் பெயர். மெயிலக்கா அவருடைய அலுவலகத்தின் ஒரே எழுத்தர். பட்டாணி, சோளம், மீன், ஐஸ்கிரீம் என்று பெட்டி பெட்டியாக உறைய வைத்து அடுக்கிய ஆறு அறைகள். அவற்றைக் குளிர வைக்க மேலே ஓடும் அம்மோனியாக் குழாய்கள். அதற்கடியில் வேலை செய்யும் அறுபது சொச்சம் பேர். அத்தனை பேருக்கும் எச்சரிக்கை போவது இவள் மேசையிலிருந்துதான்.

அம்மோனியா ஒன்றும் லேசுப்பட்ட சரக்கு இல்லை. குழாயில் விரிசல் விட்டால் கண் எரியும், மூச்சடைக்கும், நின்ற இடத்திலேயே ஆளைச் சாய்த்துவிடும். அதனால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒத்திகை நடத்துவார்கள். ஒத்திகைக்கான மெயில் தயாராகவே இருக்கும். தலைப்பில் 'ஒத்திகை' என்ற சொல்லையும் தேதியையும் சேர்த்து அனுப்ப வேண்டியதுதான். இந்த மேசையிலிருந்து மெயில் போனால் ஒவ்வொரு தொழிலாளியின் கையிலும் இருக்கும் ஸ்கேனர் காது கிழியக் கத்தும். பெட்டியின் கோடுகளைப் படிக்கிற அந்தக் கருவியில்தான் அவர்களுக்கு மெயிலும் வரும்.

அடுத்த வார ஒத்திகைக்கான மெயிலை அன்று மதியம் அவள் திறந்து வைத்திருந்தாள். வழக்கம்போல எல்லாருடைய முகவரியையும் முதலில் போட்டாயிற்று. தலைப்பில் 'ஒத்திகை'யும் தேதியும் இன்னும் சேர்க்கவில்லை. உள்ளே இருந்த வாசகம் இவ்வளவுதான்: 'நடைகூடத்தில் அம்மோனியா கசிவு. வெளியே இருப்பவர்கள் மைதானத்துக்கு ஓடுங்கள். அறைக்குள் இருப்பவர்கள் வெளியே வர வேண்டாம். கதவை மூடி, அடி இடுக்கில் ஈரத்துணியை அடையுங்கள். உதவி மணியை அடிக்காதீர்கள், காப்பாற்ற வருபவரும் சாவார். யார் கதவைத் தட்டினாலும் திறக்காதீர்கள். மூன்று தட்டு, இடைவெளி, மறுபடி மூன்று தட்டு கேட்டால் மட்டும் திறக்கவும்.'

அந்த நேரம் பார்த்துத்தான் அம்மா போன் செய்தாள்.

"உன் தம்பி சாப்பிடாமக் கொள்ளாமக் கிளம்பிப் போயிட்டான்டி. மதியத்துக்குக் கட்டி வெச்ச டப்பாகூட இங்கயே கெடக்கு. காலங்காத்தால அவன்கிட்ட என்னத்தச் சொன்ன?"

"நான் என்னம்மா சொன்னேன்? ஒழுங்கா இருன்னுதான் சொன்னேன்."

"நீ சொல்ற தினுசு இருக்கே..."

போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, ஒரு கையால் மெயிலைச் சேமிக்கப் போனாள். சேமிக்கிற பொத்தானையும் அனுப்புகிற பொத்தானையும் ஒட்டி ஒட்டி வைத்த புண்ணியவான் எங்கே இருக்கிறானோ, நன்றாக இருக்கட்டும். உஸ்ஸென்று ஒரு சத்தம் வந்தது. திரையில் மெயிலைக் காணோம்.

"அம்மா, வெச்சிடு" என்றாள்.

அன்றைக்கென்று பார்த்து வெளியிலிருந்து தணிக்கை ஆட்கள் வந்திருந்தார்கள். ஹெல்மெட் சார் அவர்களைச் சாப்பாட்டுக் கூடத்துக்கு அழைத்துப் போயிருந்தார். இந்த நேரத்தில் பொய்யான எச்சரிக்கை போய், அறுபது பேர் கையைக் காலை உடைத்துக்கொண்டு மைதானத்துக்கு ஓடினால் இவள் வேலை அன்றோடு சரி. அவள் சம்பளத்தில்தான் வீட்டு அடுப்பு எரிகிறது. இதே கிடங்கில் வேலை பார்க்கும் தம்பி இன்னும் தற்காலிக ஆள்தான்.

மெயிலைத் திரும்பப் பெற ஒரு பொத்தான் உண்டு. படிக்காத மெயிலை எதிராளியின் பெட்டியிலிருந்து அது உருவிக்கொண்டு வந்துவிடும். படித்துவிட்டால் ஒன்றும் செய்யாது. அதை அழுத்திவிட்டுக் காதைத் தீட்டினாள். யாராவது ஓடுகிறார்களா? கத்துகிறார்களா? ஒன்றுமில்லை. கூடத்தின் பக்கமிருந்து தட்டு கழுவும் ஓசையும் சிரிப்பும்தான் வந்தன.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. சாப்பாட்டு வேளை! ஸ்கேனர்களை எல்லாம் சார்ஜ் போடும் அலமாரியில் செருகிவிட்டுப் போயிருக்கிறார்கள். ஆளில்லாத இடத்தில், மூடிய அலமாரிக்குள்ளேயே அவை கத்தித் தீர்த்திருக்கின்றன. கடவுளே, நீ இருக்கிறாய் என்று அவள் இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டாள்.

கும்பிட்ட கையை இறக்குவதற்குள் வாசலில் மஞ்சள் ஹெல்மெட் தெரிந்தது.

"என்னம்மா, என் போன்ல ஏதோ மெயில் வந்த மாதிரி சத்தம் கேட்டுச்சு. எடுத்துப் பார்த்தா ஒண்ணையும் காணோம்?"

"அது... சிஸ்டம் டெஸ்ட் சார்."

"இன்னைக்கா? வேற நாளே கெடைக்கலையா உனக்கு? உள்ள ஆளுங்க உக்காந்திருக்காங்கம்மா!"

"சின்ன டெஸ்ட்தான் சார். முடிஞ்சிடுச்சு."

அவர் கூடத்துக்குத் திரும்பிப் போய்விட்டார். தண்ணீர் குடித்தாள். முகம் கழுவிக்கொண்டு வந்தாள். இனிமேல் முகவரியைக் கடைசியில்தான் போடுவது என்று தனக்குத்தானே சத்தியம்கூடச் செய்துகொண்டாள்.

அதற்குள் திரும்பப் பெற்றதற்கான அறிக்கை வந்திருந்தது. ஒவ்வொரு ஸ்கேனராக வரிசையாக இருந்தது. படிக்கும் முன் நீக்கப்பட்டது. படிக்கும் முன் நீக்கப்பட்டது. படிக்கும் முன் நீக்கப்பட்டது. கடைசிக்குக் கொஞ்சம் மேலே ஒரே ஒரு வரி மட்டும் வேறாக இருந்தது: 'நான்காம் அறை. படிக்கப்பட்டது. நீக்க இயலவில்லை.'

பக்கத்தில் இருந்த ஸ்கேனர் எண் அவள் தம்பியுடையது.

சும்மா சொல்லக் கூடாது, அதைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. படித்தது அவனா! நல்லவேளை. வேறு யாராவது என்றால் ஊரைக் கூட்டியிருப்பான். இவன் வாயை ஒரு பெட்டி ஐஸ்கிரீமால் அடைத்துவிடலாம். அதோடு, இவனாவது மெயிலைப் படித்துவிட்டு அதன்படி நடப்பதாவது! வீட்டில் அவனுக்குப் பெயரே சண்டி. உட்கார் என்றால் நிற்பான், நில் என்றால் ஓடுவான். போன ஒத்திகையில் எல்லாரும் கதவை அடைத்துக்கொண்டு உள்ளே இருக்க, இந்த மகராசன் மட்டும் கதவைத் திறந்துகொண்டு விசில் அடித்தபடி வெளியே வந்தான். அதை மேலிடத்துக்கு எழுதிக் கொடுத்தவளே இவள்தான். அதனால்தான் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் வேலை அவனுக்குக் கிடைக்காமல் போயிற்று.

'டேய் சண்டி, அந்த மெயில் சும்மா. யார்கிட்டயும் மூச்சு விடாதே' என்று அவன் போனுக்குச் செய்தி அனுப்பினாள். ஒற்றைக் குறிதான் விழுந்தது. போய்ச் சேரவில்லை. போனை லாக்கரில் பூட்டியிருப்பான். உள்ளே போன் கொண்டுபோகக் கூடாது.

வேலையில் கண்ணை வைத்தாள். வேலை ஓடவில்லை. மறுபடி போனைப் பார்த்தாள். அதே ஒற்றைக் குறி.

எல்லா ஸ்கேனரும் அலமாரியில் இருக்கும்போது இவனுடையது மட்டும் ஏன் கையில் இருந்தது? காலையில் தாமதமாக வந்திருப்பான். விட்ட வேலையைச் சாப்பாட்டு வேளையில் முடிக்கப் பார்த்திருப்பான். சாப்பாட்டு டப்பாதான் வீட்டில் கிடக்கிறதே, கூடத்துக்குப் போய் என்ன செய்வான்?

சரி, மெயிலைப் பார்த்தான். பார்த்துவிட்டு இங்கே வந்து பல்லை இளித்திருக்க வேண்டுமே? "என்ன மெயிலக்கா, பூச்சாண்டி காட்டுறியா?" என்று கதவில் சாய்ந்துகொண்டு கேட்டிருக்க வேண்டுமே? ஏன் இன்னும் வரவில்லை?

அப்போதுதான் காலையில் நடந்த சண்டை வரி வரியாக நினைவுக்கு வந்தது. கண்ணாடி முன்னால் தலை சீவிக்கொண்டிருந்தவனிடம் இவள் பொரிந்து தள்ளியிருந்தாள்: "அடுத்த வாரம் ஒத்திகை வருது. இந்தத் தடவையும் கதவைத் தொறந்தே, அப்புறம் உனக்கு அக்காவே கெடையாது. எவன் தட்டினாலும் தொறக்கக் கூடாது. நானே வந்து அழுதாலும் தொறக்கக் கூடாது. புரியுதா?" அவன் சீப்பை வைத்துவிட்டுத் திரும்பினான். "சரிக்கா. உம்மேல சத்தியமா தொறக்க மாட்டேன். போதுமா?" என்றான். முகம் செத்துப்போயிருந்தது. அப்படியே சாப்பிடாமல் போய்விட்டான்.

மெயிலக்கா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். நடந்துதான் போனாள். ஓடினால் எல்லாம் உண்மையாகிவிடும் என்று பயமாக இருந்தது.

நடைகூடத்தில் ஆள் அரவம் இல்லை. சாம்பல் நிறத் தரை, வெள்ளைச் சுவர், மேலே குழாய்கள், வரிசையாக உலோகக் கதவுகள். ஒவ்வொரு கதவுக்கும் பக்கத்தில் கனத்த கோட்டு மாட்டும் கொக்கிகள். உள்ளே போகிறவன் கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு போவான், வந்ததும் மாட்டுவான். நான்காம் அறை வாசலில் தம்பியின் கோட்டு தொங்கிக்கொண்டிருந்தது.

அப்பாடா, வெளியேதான் இருக்கிறான் என்று நினைத்தாள். அந்த நிம்மதி அடுத்த அடி வைக்கும் வரைதான் நீடித்தது. கோட்டுக்குக் கீழே தரையில் அவன் செருப்பு இருந்தது. உள்ளே போகும்போது மாற்றிக்கொள்ளும் ரப்பர் பூட்ஸைக் காணோம்.

ஒரு நிமிட வேலைக்கு எவன் கோட்டைப் போட்டுக்கொள்வான்? ஒரு பெட்டியின் கோடுகளை ஸ்கேன் செய்துவிட்டு வந்துவிடலாம் என்று சட்டையோடு உள்ளே போயிருக்கிறான். வாசற்படியில் நிற்கும்போது மெயில் வந்திருக்கிறது. கதவை இழுத்து மூடியிருக்கிறான். உள்ளே எந்தச் சிக்னலும் வராது. அவள் அந்த மெயிலை அறுபது பேரிடமிருந்து உருவிய சேதி அவனுக்கு எப்படித் தெரியும்? அவனைப் பொறுத்தவரை இந்த நடைகூடம் முழுக்க விஷம்.

"டேய்!" என்று கத்தினாள். அந்தக் கதவு அரை அடி தடிமன். கத்தல் அவள் முகத்திலேயே வந்து மோதியது.

கைப்பிடியைப் பிடித்து இழுத்தாள். பக்கவாட்டில் உருளும் கதவு, ஒரு விரலால் தள்ளினால் போகும். அசையவில்லை. குனிந்து பார்த்தாள். அடி இடுக்கில் ஒரு துணியின் ஓரம் நீட்டிக்கொண்டிருந்தது. நீலக் கட்டம் போட்ட துண்டு. அம்மா வாங்கிக் கொடுத்தது. தொட்டுப் பார்த்தாள். கல் மாதிரி இருந்தது.

ஈரத்துணியை அடையுங்கள்! அலுவலக அறைகளுக்காக யாரோ எப்போதோ எழுதியதை அப்படியே எடுத்து உறை அறைக்கும் ஒட்டியவள் இவள்தான். தண்ணீரை வைத்த இடத்தில் பாறையாக்குகிற அறையில் ஈரத்துணியாம்! ஒத்திகையில் எவனும் நிஜமாகத் துணியை நனைத்ததில்லை, அதனால் இதுவரை யாருக்கும் உறைக்கவில்லை. குடிக்க வைத்திருந்த தண்ணீரைத் துண்டில் ஊற்றிப் பிழிந்து, சொன்ன பேச்சைக் கேட்டு, ஒழுங்காக, பத்திரமாக அடைத்திருக்கிறான். அது கதவையும் தண்டவாளத்தையும் சேர்த்து இறுக்கிவிட்டது. பிறந்ததிலிருந்து ஒரு பேச்சும் கேட்காத பயல், கேட்டதுதான் கேட்டான், இதையா கேட்க வேண்டும்?

சுவரில் ஒரு சுத்தியல் மாட்டியிருந்தது. எடுத்துக் கதவில் அடித்தாள். கணக்கு வழக்கில்லாமல் அடித்தாள். "தொறடா! ஒண்ணுமில்லடா! தொறடா!" என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டே அடித்தாள். நிறுத்திக் கதவில் காதை வைத்தாள். உள்ளேயிருந்து ஒரு சத்தமும் இல்லை. மறுபடி அடித்தாள். கை மரத்துப்போய்ச் சுத்தியல் நழுவி விழுந்தது.

சட்டையோடு உள்ளே போய் எவ்வளவு நேரம்? அவள் தண்ணீர் குடித்த நேரம், முகம் கழுவிய நேரம், ஹெல்மெட் சாரிடம் பொய் சொன்ன நேரம், சிரித்த நேரம். அத்தனையும் அவன் அந்தக் குளிரில் நின்ற நேரம். இனி நடந்தால் ஆகாது. ஓடினாள்.

சாப்பாட்டுக் கூடத்தில் தணிக்கை ஆட்கள் கைகழுவிக்கொண்டிருந்தார்கள். ஹெல்மெட் சார் அவர்களுக்குத் துண்டு நீட்டிக்கொண்டிருந்தார். தலைமுடி கலைந்து, மூச்சிரைக்க வந்து நின்றவளைச் சாப்பிட்டுக்கொண்டிருந்த எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம். கதவு சிக்கிக்கொண்டது என்று மட்டும் சொல்லலாம். அந்த யோசனை வந்தது, வராமல் இல்லை. ஆனால் கசிவு என்று நம்பிக்கொண்டிருப்பவன் உள்ளேயிருந்து எதிர்த்து இழுப்பானே! அது இவர்களுக்குத் தெரிய வேண்டாமா?

"சார், என் தம்பி நாலாம் ரூம்ல மாட்டிக்கிட்டான். கோட்டு இல்லாம. கசிவுன்னு நான்தான் மெயில் அனுப்பினேன், தப்பா போயிடுச்சு. டெஸ்ட்டுன்னு சொன்னது பொய் சார். துணியை அடைச்சிருக்கான், கதவு உறைஞ்சு போச்சு. வாங்க சார், தயவு செஞ்சு வாங்க!"

ஹெல்மெட் சார் கையிலிருந்த துண்டு கீழே விழுந்தது. அவர் நகர்வதற்கு முன்னால் எழுந்து வந்தவர் உறை அறை ஆட்களை வேலை வாங்கும் மேஸ்திரிதான்.

"எலேய், கடப்பாரையை எடு! டீக்கு வெச்ச வெந்நீர் இருக்குல்ல, அண்டாவோட தூக்கு! பார்த்துக்கிட்டு நிக்கிறீங்களே!"

அதற்கப்புறம் எல்லாம் ஒரே கலவரம். வெந்நீரை ஊற்ற ஊற்ற நடைகூடம் முழுக்க ஆவி எழும்பியது. இரண்டு பேர் கடப்பாரையைக் கொடுத்து நெம்பினார்கள். "மெதுவா! அவன் கதவுகிட்ட நின்னுட்டிருக்கப் போறான்!" என்று மேஸ்திரி கத்தினார். மெயிலக்கா சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாள். நிற்கட்டும், கதவுகிட்டேயே நிற்கட்டும், நின்றால் போதும் என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டிருந்தாள். துணி கிழியும் சத்தம் கேட்டது. கதவு ஒரு சாண் நகர்ந்தது. உள்ளேயிருந்து வெள்ளைப் புகையாகக் குளிர் வந்து காலில் விழுந்தது.

கதவருகில் அவன் இல்லை.

பட்டாணிப் பெட்டிகளுக்கு நடுவில் இருந்தான். அட்டைகளைக் கிழித்து உடம்பைச் சுற்றி வைத்து, பெட்டி கட்டுகிற பிளாஸ்டிக் தாளால் தன்னைத்தானே பொட்டலம் மாதிரி சுற்றிக்கொண்டு, முழங்காலைக் கட்டியபடி உட்கார்ந்திருந்தான். புருவத்தில் வெள்ளை படிந்திருந்தது. உதடு நீலம். ஆனால் கண் திறந்திருந்தது. இவர்களைப் பார்த்ததும் இரண்டு கையாலும் மூக்கையும் வாயையும் பொத்திக்கொண்டான்.

"கேஸ் இல்லடா தம்பி, ஒண்ணுமில்ல, மூச்சு விடு" என்று மேஸ்திரி அவனை அப்படியே அள்ளிக்கொண்டு வந்தார். ஹெல்மெட் சார் தன் கோட்டைக் கழற்றிப் போர்த்தினார். யாரோ கம்பளி கொண்டுவந்தார்கள். யாரோ ஆம்புலன்சுக்குப் போன் செய்தார்கள். மெயிலக்கா அவன் கைகளை எடுத்துத் தன் அக்குளுக்குள் வைத்துக்கொண்டாள்.

"கேட்டுச்சா? நான் தட்டினது கேட்டுச்சாடா?" என்றாள்.

அவன் அவளை உற்றுப் பார்த்தான். பேயைப் பார்ப்பதுபோலப் பார்த்தான். பிறகு ஒரு கையை உருவி அவள் கன்னத்தைத் தொட்டான்.

"நீ... நீ சாகலையா?"

"என்னடா சொல்ற?"

பல் அடித்துக்கொள்ள, வார்த்தை துண்டு துண்டாக வந்தது. "மூணு மூணா தட்டலையே. கண்டபடி தட்டினாங்க. யாரோ கேஸ்ல மாட்டிக்கிட்டு அடிக்கிறாங்கன்னு நெனச்சேன். நீதான்னு தெரிஞ்சுச்சுக்கா. வீட்ல பாத்ரூம் கதவைப் போட்டு அடிப்பியே, அதே மாதிரி இருந்துச்சு. கதவுகிட்ட வந்துட்டேன். கையைக்கூட வெச்சேன். நீதான சொன்ன, நானே வந்து அழுதாலும் தொறக்காதேன்னு... தொறக்கலக்கா. அப்புறம் தட்டுறது நின்னுபோச்சு."

அவன் அழ ஆரம்பித்தான். சின்னப் பிள்ளை மாதிரி வாயைத் திறந்துகொண்டு அழுதான்.

"லீக்கே இல்லடா" என்றாள் அவள். "அந்த மெயிலு நான் தெரியாம அனுப்பினது. எல்லாம் என்னாலதான்டா."

அது அவன் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. அவன் அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, "என்னை மன்னிச்சிடுக்கா, தொறக்காம இருந்துட்டேன், மன்னிச்சிடுக்கா" என்று திரும்பத் திரும்ப அதையே சொல்லிக்கொண்டிருந்தான்.